பனித்தளத்தில் சரிபாதி: கலப்பு இரட்டையர் கர்லிங்கும் மலையகத்தின் கரம் பலகையும்

கர்லிங் என்பது பனிக்கட்டித் தளத்தின் மீது வட்டமான கருங்கல் ஒன்றைத் தள்ளிவிட்டு, மறுமுனையில் வரையப்பட்டிருக்கும் வட்டங்களின் நடுப்புள்ளிக்கு இயன்றவரை நெருக்கமாக அதை நிறுத்த முயலும் குளிர்நாட்டு விளையாட்டாகும். நால்வர் கொண்ட ஆண்கள் அணிகளும் பெண்கள் அணிகளும் தனித்தனியே ஆடிவந்த இவ்விளையாட்டில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே சேர்ந்து ஓர் அணியாக நிற்கும் கலப்பு இரட்டையர் பிரிவு இந்த நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. 2008இல் பின்லாந்தின் வியருமாக்கியில் அதன் முதலாவது உலக சம்பியன்ஷிப் நடைபெற்றது, 2018இல் தென் கொரியாவின் பியொங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாயிற்று. பனி விழாத ஊவா மாகாணத்திற்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றக்கூடும். ஆயினும், இவ்விளையாட்டைப் பிறப்பித்த நாட்டவரே கொஸ்லந்தையைச் சூழ்ந்த மலைகளைத் தேயிலை மலைகளாக மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் என்பதாலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிய பங்கை நல்லெண்ணத்திடம் விட்டுவிடாமல் விதியாகவே எழுதிவைத்த மிகச்சில விளையாட்டுகளுள் இது ஒன்று என்பதாலும், மலையக வாசகர் இதைக் கூர்ந்து நோக்குவதற்கு நியாயம் உண்டு.

ஸ்கொட்லாந்தில் உறைந்த குளங்களின் மீது ஆற்றுக்கற்களை வழுக்கிவிட்டு ஆடிய பழக்கத்திலிருந்து கர்லிங் தோன்றியது. ஸ்டேர்லிங் நகரில் வைக்கப்பட்டுள்ள ஒரு கல்லில் 1511 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. பெய்ஸ்லி நகரத்து ஆவண எழுத்தர் ஒருவர் 1541இல் எழுதிவைத்த குறிப்பும் பனியின் மீது கல்லெறிந்த போட்டி ஒன்றைப் பேசுகிறது. 1838இல் எடின்பரோவில் அமைக்கப்பட்ட கழகம் விதிகளை ஒழுங்குபடுத்தியது. புலம்பெயர்ந்த ஸ்கொட்லாந்தியர், குளிர் கிடைத்த இடமெல்லாம் கல்லையும் உடன் கொண்டு சென்றனர்: கனடாவின் மொன்றியலில் 1807இலேயே கர்லிங் கழகம் உருவாயிற்று, நியூசிலாந்தின் ஒட்டாகோ மலைப்பகுதியிலும் அது வேரூன்றியது. அதே நூற்றாண்டில் அதே நாட்டவர் இலங்கை மலைகளுக்கும் வந்தனர். லூல்கந்துரையில் 1867இல் வணிக முறையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தியர். 1890இல் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தைத் தன்வசமாக்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். துரைமார் கொண்டுவந்த கோல்ஃப் 1889இல் நுவரெலியாவில் தளம் பெற்றது. டெனிஸும் கிரிக்கெட்டும் தோட்டக் கழகங்களில் இடம்பிடித்தன. கர்லிங் மட்டும் மலையேறவில்லை; கொஸ்லந்தையின் தட்பவெப்பத்தில் உறைந்த குளம் என்பது எண்ணிப்பார்க்கவும் இயலாதது. ஏறி வந்திருந்தாலும் அது கழக வேலிக்குள் துரைமாருக்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

கல்லிலிருந்தே இவ்விளையாட்டை விளங்கிக்கொள்வது எளிது. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கிளைட் கடற்கழியில் நிற்கும் எயில்சா கிரேய்க் என்னும் சிறு தீவின் கருங்கல்லே இதற்கு மிகவும் உகந்தது. அத்தீவின் ஒருவகைக் கல் மோதலைத் தாங்கும் உறுதி கொண்டிருப்பதால் உடற்பகுதிக்கும், நீரை உறிஞ்சாத மற்றொரு நுண்மணிக் கல் பனியைத் தொடும் அடிப்பகுதிக்கும் பயன்படுகின்றன. மொச்லின் என்னும் சிற்றூரில் 1851 முதல் இயங்கிவரும் கேய்ஸ் நிறுவனம் அங்கிருந்து கல்லெடுக்கும் உரிமையைப் பெற்றிருக்கிறது. கல்லின் அடிப்பரப்பு முழுவதும் பனியைத் தொடுவதில்லை. அடிப்பக்கம் குழிவாகக் கடையப்பட்டிருப்பதால், ஒல்லியான ஒரு வளையம் மட்டுமே தளத்தில் படுகிறது. கைப்பிடியுடன் சேர்த்து ஒரு கல்லின் நிறை 17.24 கிலோகிராமுக்குக் குறையாமலும் 19.96 கிலோகிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பல தோட்டங்களில் முழுநாள் சம்பளமான முழுப் பேர் விழுவதற்கு ஒரு பெண் தொழிலாளி ஒரு நாளில் பறித்துக் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் காட்டவேண்டிய 18 கிலோ அளவிலான கொழுந்தை ஒரே கட்டியாக இறுக்கி முன்னால் வைத்தால், அந்தக் கல்லின் கனம் எத்தகையது என்பது மலையகத்தாருக்கு வேறு விளக்கமின்றியே புரியும்.

இந்த நிறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்பது இங்கே அழுத்திச் சொல்லத்தக்கது. குண்டெறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோகிராம் குண்டும் பெண்களுக்கு 4 கிலோகிராம் குண்டும் வழங்கப்படுகின்றன. வட்டெறிதலிலும் பெண்களின் தட்டு ஆண்களின் தட்டில் பாதி நிறையே கொண்டது. கர்லிங்கில் அத்தகைய வேறுபாடு எதுவும் இல்லை. கல் தூக்கி எறியப்படுவதில்லை, வழுக்கிவிடப்படுகிறது. காலூன்றியிலிருந்து உந்திப் புறப்படும் வீரர், ஒரு முழங்காலை மடித்துத் தாழ்ந்து, கல்லோடு சேர்ந்து தாமும் பனியில் சறுக்கிச் சென்று, குறித்த கோட்டுக்கு முன்னர் கைப்பிடியை மெல்லத் திருகி விட்டுவிடுகிறார். அங்கிருந்து இலக்கின் நடுப்புள்ளி வரை 28 மீற்றருக்கும் அதிகமான தூரம். உடல்வலிமை கூடியவரது கல் அதனாலேயே சரியான இடத்தில் நின்றுவிடாது. வேகத்தை அளந்து விடும் உள்ளங்கையும் கோணத்தைக் கணிக்கும் கண்ணுமே அதைத் தீர்மானிக்கின்றன.

தளத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். கர்லிங் ஆடப்படும் பனி கண்ணாடிபோல் மட்டமானதன்று. ஆட்டத்துக்கு முன்னர் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைப்பதால் தளமெங்கும் நுண்ணிய பனிப்பருக்கள் எழுகின்றன. கல் அவற்றின் உச்சிகளை மட்டும் தொட்டு ஓடுவதால் உராய்வு குறைந்து நெடுந்தூரம் செல்கிறது. ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பான் கொண்டு தேய்க்கும்போது பனியின் மேற்பரப்பு சற்றே வெப்பமடைய, உராய்வு மேலும் தணிந்து, கல் கூடுதலான தூரம் சென்று குறைவாக வளைகிறது. அவ்வளைவே இவ்விளையாட்டின் உயிர். கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்துச் சுழற்றி மேசைமீது தள்ளினால், வலஞ்சுழியாகச் சுற்றும் குவளை இடப்புறமாக விலகும். வலஞ்சுழியாகச் சுற்றும் கர்லிங் கல்லோ வலப்புறமாகவே வளைகிறது. இதற்கான காரணம் பற்றி இயற்பியலாளர் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். கல்லின் முன்விளிம்பு பனியில் இடும் நுண்கீறல்களே பின்விளிம்பை வழிநடத்துகின்றன என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் முன்வைத்த விளக்கம் பெரிதும் பேசப்பட்டாலும், அவ்வாதம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை.

விதிகளுக்குள் இருக்கும் நீதி

நால்வர் ஆட்டத்தில் பத்துச் சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி எட்டுக் கற்களை விடும். கலப்பு இரட்டையரில் சுற்றுகள் எட்டு, ஓர் அணி விடும் கற்கள் ஐந்து. சுற்று தொடங்குமுன்னரே இரு அணிகளுக்கும் ஒவ்வொரு கல் தளத்தில் வைக்கப்பட்டுவிடும்: ஒன்று வட்டங்களுக்கு முன்னே நடுக்கோட்டில் காவலாக நிற்கும், மற்றது வட்டங்களுக்குள்ளே நடுப்புள்ளியின் பின்பக்கமாக அமரும். காவற்கல்லுக்குரிய அணி முதலில் விடும். உள்ளே கல் வைத்திருக்கும் அணி இரண்டாவதாக விட்டு, அச்சுற்றின் கடைசிக் கல்லைத் தன் கையில் வைத்துக்கொள்ளும். எவ்விடத்தைத் தெரிவது என்னும் உரிமை முந்திய சுற்றில் புள்ளி பெறாத அணிக்கு உரியது. நான்காவது கல் விடப்படும் வரை தளத்திலிருக்கும் எந்தக் கல்லையும் ஆட்டத்துக்கு வெளியே தள்ளக்கூடாது என்பதால், கற்கள் குவிந்து, ஒவ்வொரு சுற்றும் சிக்கலான புதிராக வளர்கிறது. நடுப்புள்ளிக்கு மிக அருகில் எவருடைய கல் நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிரணியின் மிகச்சிறந்த கல்லை விட நெருக்கமாக நிற்கும் அவ்வணியின் கற்கள் யாவும் எண்ணப்படும். முன்கூட்டி வைத்த கல்லும் கணக்கில் சேரும் என்பதால், ஒரு சுற்றில் ஆறு புள்ளிகள் வரை பெறலாம். ஓர் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை, இடந்தெரியும் உரிமை தன்னிடம் இருக்கும் சுற்றில், ஓர் அணி முன்வைப்புக் கற்களை நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றக் கோரலாம். நடுவழி திறந்துவிடுவதால் அச்சுற்றில் பெருந்தொகைப் புள்ளி சேர்க்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. இதற்குப் பவர் பிளே என்று பெயர்.

இவ்விதிகளுள் மிகவும் நுட்பமானது கற்பங்கீட்டு விதி. ஐந்து கற்களில் முதலாவதையும் ஐந்தாவதையும் ஒருவர் விடவேண்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கற்களை மற்றவர் விடவேண்டும். ஒருவர் எண்ணிக்கையில் கூடுதலாக விட, மற்றவர் சுற்றைத் தொடங்கி முடித்துவைக்கும் பொறுப்பைச் சுமக்கிறார். இப்பங்கைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இருவரில் ஒருவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு மற்றவரே எல்லாவற்றையும் செய்துவிட வழியில்லை. வேறு விளையாட்டுகளின் கலப்பு இரட்டையரில், பந்து பெண்ணின் பக்கம் போகாதபடி ஆண் குறுக்கே பாய்ந்து ஆடுவதும், எதிரணி பெண்ணையே குறிவைத்து அடிப்பதும் அடிக்கடி காணப்படுகின்றன. கர்லிங் விதி அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டது. முன்னேற்றம் என்று இதனைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

தளத்தில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஒரு கல்லின் பயணத்திலேயே காணலாம். விடுபவர் ஒரு முனையில் குனிந்திருக்க, இணையாளர் மறுமுனை வட்டங்களுக்குள் நின்று துடைப்பானை நிலத்தில் ஊன்றி, கல் எக்கோட்டில் புறப்படவேண்டும் என்பதைக் காட்டுகிறார். கல் கையை விட்டதும், விட்டவரே எழுந்து அதன் பின்னால் ஓடி, அதை முந்திக்கொண்டு துடைக்கத் தொடங்குகிறார். நால்வர் ஆட்டத்தில் துடைப்பதற்கென இருவர் இருப்பதைப்போல் இங்கு எவருமில்லை. கல்லின் வேகத்தை அருகிலிருந்து அறிபவர் துடைப்பவர். அதன் வளைவை நேர்முகமாகப் பார்ப்பவர் மறுமுனையில் நிற்பவர். எனவே ஒருவர் தூரத்தையும் மற்றவர் திசையையும் உரத்த குரலில் அறிவித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஏறத்தாழ 25 வினாடிகள் நீளும் அப்பயணத்தில் ஒருவரது கணிப்பை மற்றவர் நம்பாவிட்டால் கல் தவறிவிடும்.

அணிகளும் நாடுகளும்

முதலாவது உலக சம்பியன்ஷிப்பை ஐரீன் ஷோரி, டோனி முல்லர் இணை சுவிட்சர்லாந்துக்கு வென்றுகொடுத்தது. பியொங்சாங்கில் கனடாவின் கெய்ட்லின் லோஸும் ஜோன் மொரிஸும் இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தை 10–3 எனத் தோற்கடித்துத் தங்கம் பெற்றனர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 22 வயதான ஸ்டெபானியா கொன்ஸ்டன்டினியும் ஆமோஸ் மொசானரும் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோல்வி காணாமல், இறுதியில் நோர்வேயை 8–5 என வென்று, கர்லிங்கில் இத்தாலிக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே ஈட்டினர். இதே இணை 2025இல் கனடாவின் பிரெடெரிக்டனில் உலக சம்பியன் பட்டத்தையும் கைப்பற்றியது. இணைகளின் உறவு முறைகளும் பலவாறானவை. நோர்வேயின் கிறிஸ்டின் ஸ்காஸ்லியன், மக்னுஸ் நெட்ரிகொட்டன் கணவன் மனைவியர். 2024 உலகப் பட்டத்தை வென்ற சுவீடனின் இசபெல்லா ராணோவும் ராஸ்மஸ் ராணோவும் உடன்பிறந்தோர். இத்தாலிய இணை விளையாட்டுத் தோழமையால் மட்டும் இணைந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்பதற்குக் குடும்ப உறவொன்றையே காரணமாகக் கேட்கும் சமூகங்களுக்கு இப்பட்டியல் சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

இருவரே போதும் என்பதால், பனியில்லாத நாடுகளுக்கும் இப்பிரிவு வாசலைத் திறந்தது. 2019இல் நோர்வேயின் ஸ்டவஞ்சரில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் 48 நாடுகளின் இணைகள் பங்குகொண்டன. அதே போட்டியில் நைஜீரியாவின் சுசானா கோல், டிஜானி கோல் இணை, இப்பிரிவின் உலக சம்பியன்ஷிப்பில் ஆபிரிக்கக் கண்டத்தின் முதலாவது அணியாகக் களமிறங்கியது. 2025 பெப்ரவரியில் சீனாவின் ஹார்பினில் நடைபெற்ற ஆசியக் குளிர்கால விளையாட்டு விழாவில், பிலிப்பைன்ஸின் ஆண்கள் நால்வர் அணி தென் கொரியாவை 5–3 என வென்று தங்கம் பெற்றது. தென்கிழக்காசியாவுக்கு அவ்விழாவில் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. அவ்வணியினருள் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து அங்கேயே கற்றவர்கள். அதே சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் நோர்வேயிலும் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்து, பனித்தளங்களுக்கு அருகிலேயே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவருகின்றனர் என்பதை நோக்க, தமிழ்ப் பெயர் தாங்கிய கலப்பு இணை ஒன்று அத்தளத்தில் தோன்றுவது நடவாத காரியமன்று.

பனியில்லா ஊரின் பனித்தளம்

கொஸ்லந்தைக்கு உறைபனித் தளம் தேவையில்லை. கர்லிங்குக்கு மிக நெருங்கிய உறவுடைய ஆட்டம் அங்கே ஏற்கெனவே உண்டு. 74 சென்டிமீற்றர் சதுரமான மரப்பலகையில், போரிக் அமிலப் பவுடரைத் தூவி உராய்வைக் குறைத்து, 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டி, ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு எனப் பத்தொன்பது காய்களைக் குழிகளில் சேர்க்கும் கரம், கர்லிங்கைப் போலவே வழுக்கலையும் மோதற் கோணத்தையும் நம்பிய ஆட்டம். பவுடர் செய்யும் வேலையும் பனிப்பரு செய்யும் வேலையும் ஒன்றே. எதிராளியின் காயை மறித்து வைப்பதும், சிவப்பைப் போட்டபின் அதை உறுதிப்படுத்தத் தன் காயொன்றை அடுத்துப் போடவேண்டியிருப்பதும், கர்லிங்கின் காவற்கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் ஈடான முன்யோசனையைக் கோருகின்றன. செங்குத்தான சரிவுகளில் லயங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலம் கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மீரியபெத்தையில் அச்சரிவே இறங்கி லயங்களைக் குடும்பங்களோடு மூடியது. மைதானம் வெட்டுவதற்குச் சமதரை அரிதான இத்தகைய இடத்தில், ஓர் அறையும் ஒரு மின்குமிழும் போதுமான ஆட்டம் பெரும் வரப்பிரசாதம்.

கரம் ஆட்டத்தில் தமிழரின் உலகப் பெருமை சிறியதன்று. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் நிறுவப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சம்பியனானார். வியாசர்பாடியின் எளிய குடும்பத்திலிருந்து வந்த இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரில் பெண்கள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், வடசென்னையின் ஓட்டோ சாரதி ஒருவரின் மகளான காசிமா 17 வயதில் மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார். இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பிலேயே உலக சம்பியன் பட்டம் சூடினார். இவர்களது வரலாறு காட்டும் ஒன்று உண்டு: நெருக்கமான குடியிருப்புகளில், மலிவான பலகைகளில், வறுமைக்கு நடுவே உலகத்தரம் உருவாக முடியும். லயத்துக்கும் அது பொருந்தும்.

ஆயினும் தோட்டப்புறத்தில் அப்பலகை பெரும்பாலும் இளைஞரைச் சுற்றியே இருக்கிறது. வாசிகசாலையிலோ கழக அறையிலோ மாலையில் கூடுவோர் ஆண்கள். புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் பெண்களுக்கெனத் தேங்காய் துருவுதலும் கோலப்போட்டியும் அறிவிக்கப்படுகின்றன. அடுக்களையில் செய்யும் வேலையையே விழாவிலும் செய்துகாட்டும்படி கேட்பது எவ்வகை விளையாட்டு என்று எவரும் வினவுவதில்லை. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் மட்டுமே. அதைச் சுண்டுவதில் ஆண் விரலுக்கு இயற்கையான மேலாண்மை ஏதுமில்லை. நாள் முழுவதும் இரண்டிலையும் மொட்டும் எனத் தெரிந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்கு நுட்பம் போதாது என்று வாதிடுவதும் இயலாது.

தடையாக இருப்பது நேரம். 1984இல் தோட்டத் தொழிலாளருள் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பயனாக வந்த அச்சமத்துவம் மடுவத்துத் தராசோடு நின்றுவிட்டது. கவ்வாத்து, முள்ளுக்குத்து போன்ற வேலைகளைக் கணக்காக ஏற்கும் ஆண்கள் நண்பகலுக்குப் பிறகு வீடு திரும்பிவிடுவது வழக்கமாயிருக்க, கொழுந்தெடுக்கும் பெண்கள் மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்கின்றனர். நிறை குறைந்தால் அரைப் பேர். அதன் பின்னர் பிள்ளைக் காம்பிராவிலிருந்து குழந்தையை அழைத்துவருதல், தண்ணீர், விறகு, இரவுச் சமையல். கழக அறையில் விளக்கு எரியும் நேரம் அவள் அடுப்பு எரியும் நேரமாகவும் இருக்கிறது.

கர்லிங்கின் கலப்பு இரட்டையர் விதியைக் கரம் பலகைக்குக் கொண்டுவருவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. கரம் இரட்டையரில் இணைகள் எதிரெதிரே அமர, முறை நால்வரிடமும் வரிசையாகச் சுற்றி வருகிறது. ஆகவே, பெண் அமர்ந்துவிட்டால் அவளது முறையை எவரும் பறிக்க முடியாது. முதல் அடியை இரு இணைகளிலும் பெண்களே தொடங்கவேண்டும் என்றோ, ஆட்டத்துக்கு ஆட்டம் தொடங்குபவர் மாறவேண்டும் என்றோ உள்ளூர் விதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கொஸ்லந்தை, பூனாகலை, ஹல்துமுல்லை, ஹப்புத்தளைத் தோட்டப் பிரிவுகளின் இளைஞர் கழகங்களும் பாடசாலைகளும் சேர்ந்தால், தைப்பொங்கலை ஒட்டிய ஒரு ஞாயிறு முதலாவது சுற்றுப்போட்டிக்குப் போதுமானது. பலகைகள் ஏற்கெனவே உள்ளன. புதிதாகத் தேவைப்படுவது, அவள் பலகையின் முன் அமர்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு வீட்டின் அடுப்பையும் பிள்ளையையும் யார் பார்த்துக்கொள்வது என்பதைப் போட்டி அறிவித்தலிலேயே எழுதி, அந்தப் பொறுப்புக்கு வீட்டு ஆண் ஒருவரின் பெயரைப் பதிந்துகொள்வதுதான்.